அக்கா பார்த்த முப்பது படங்கள்

மங்களூர்
30 நவம்பர் 1997

ஜெயகரனுக்கு,

உன் இரண்டாவது பெட்டியையும் பார்த்து முடித்தாயிற்று. தொண்ணூறு மார்பக எக்ஸ்ரே படங்கள், இரண்டு மத்தியானங்கள், என் நோயாளிகளுக்கு நடுவில். டார்க் ரூமில் படம் கழுவுகிற மோனப்பா பெட்டியைக் கட்டிக் கூரியரில் போட்டுவிட்டார்.

ஒரே மூச்சில் முப்பது படங்களுக்கு மேல் பார்க்காதே, அறை விளக்கை அணைத்துவிடு, பத்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு கொடு என்று ஒரு பக்கம் நிறைய எழுதி அனுப்பியிருந்தாய். இருபத்தேழு வருஷமாகப் படம் பார்க்கிறவளுக்கு, ஒரு நோயாளியின் கையைக்கூடத் தொட்டறியாத நீ சொல்லிக்கொடுக்கிறாய். அந்தத் தாளை மோனப்பாவிடம் கொடுத்தேன். கழுவிய படங்களுக்கு அடியில் விரித்துக்கொண்டார்.

அப்புறம் உன் ஐந்து கட்டங்கள். நிச்சயமாக இல்லை, அநேகமாக இல்லை, சொல்வதற்கில்லை, அநேகமாக உண்டு, நிச்சயமாக உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் போட வேண்டுமாம். எந்த டாக்டராவது ஒரு பெண்ணைப் பார்த்து, "உனக்கு மூணும்மா, போய்ட்டு வா" என்பாளா? உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பிளாஸ்டிக் கட்டியை மார்பு என்று பேர் சொல்லி நாலு வருஷமாகப் படம் எடுக்கிறீர்கள். பிளாஸ்டிக்குக்கு மூன்று என்றால் போதும். பெண்ணுக்குப் போதாது.

இருந்தாலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எக்ஸ்ரே குழாயின் வாயில் உன் புதுத் தகட்டைச் செருகினால் பெண்கள் மேல் விழும் கதிர் மூன்றில் ஒரு பங்கு குறையும், படமும் கெடாது என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதானே? நிரூபித்துக்கொள்.

போன வாரம் புத்தூரில் சித்தி வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரி, "உங்க தம்பியும் டாக்டர்தானாமே?" என்றாள். "டாக்டர்தான். ஆனா அவன்கிட்ட போனா ஊசி போடமாட்டான், ஸ்கேல் வச்சு அளப்பான்" என்றேன். வரிசையே சிரித்தது. கோழிக் குழம்பில் ஊறப் போட்ட கோரி ரொட்டி நன்றாக இருந்தது.

வாரிஜா

•

பெங்களூர்
5 ஜனவரி 1998

அக்காவுக்கு,

வரிசை சிரித்ததில் சந்தோஷம். நான் இங்கே ஸ்கேல் வைத்து அளந்ததைச் சொல்கிறேன், இதற்கும் சிரிப்பார்களா என்று கேட்டு எழுது.

இரண்டு பெட்டியிலும் தொண்ணூறு தொண்ணூறு படங்கள். அதில் முப்பது படங்கள் இரண்டிலும் உண்டு. எண்ணை மாற்றி, வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தேன். படம் பார்த்த நான்கு டாக்டர்களில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சோதனையே இல்லை. ஒரு தராசை நம்புவதற்கு முன் ஒரே கல்லை இரண்டு தடவை வைத்துப் பார்ப்பது எங்கள் வேலையில் வழக்கம். அளக்கிற கருவி டாக்டராக இருந்தாலும் அப்படித்தான்.

ஆகஸ்டில் உண்டு என்றதை நவம்பரிலும் உண்டு என்றும், இல்லை என்றதை இல்லை என்றும் சொன்னார்களா என்று பார்த்தேன். முப்பதில் ஒருவர் இருபத்தேழு. இன்னொருவர் இருபத்தாறு. மூன்றாமவர் இருபத்தைந்து, அவர் படிப்பை முடித்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

நீ பதினாறு.

நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் பதினைந்து வந்திருக்கும். இருபத்தேழு வருஷ அனுபவம் நாணயத்தைவிட ஒரு படம் கூட. ஒரே பெண்ணின் ஒரே படத்தை ஆகஸ்டில் 'நிச்சயமாக உண்டு' என்றாய், நவம்பரில் 'நிச்சயமாக இல்லை' என்றாய். நடுவில் அவளைக் குணப்படுத்தினது யார் என்று தெரிந்தால் சொல், அவரையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.

கட்டுரையில் டாக்டர்களின் பெயர் வராது; ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் வரும். நீ நான்கு. உன் பெயர் வெளியே தெரியாது என்பதற்காக மட்டுமே இதை நிம்மதியாக எழுத முடிகிறது.

ஜெயகரன்

•

மங்களூர்
11 ஜனவரி 1998

ஜெயகரனுக்கு,

கடையில் வேலைக்காரன் கல்லாவில் கை வைக்கிறானா என்று பார்க்க நோட்டைக் கீழே போட்டு வைப்பார்கள். அதை நீ எனக்குச் செய்திருக்கிறாய். அதற்கு அறிவியல் என்று பேர் வேறு.

உனக்கு மெடிக்கல் சீட் கிடைக்காத வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அப்பா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நான்தான், "பிசிக்ஸ் படிக்கட்டும்பா, ஆஸ்பத்திரிக்குள்ள நுழைய அதுலயும் ஒரு வாசல் இருக்கு" என்று சொல்லிப் பம்பாய்க்கு அனுப்ப வைத்தேன். பின்வாசல் என்று அப்போது சொல்லவில்லை. பின்வாசல் வழியாக வந்தவன் இப்போது முன்வாசலில் நின்று எனக்கு மதிப்பெண் போடுகிறான்.

இந்த ஊரில் ஆண் டாக்டரிடம் மார்பைக் காட்ட மாட்டேன் என்று வீட்டிலேயே செத்துப்போன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களின் பெண்களும் மருமகள்களும் என்னிடம் வருகிறார்கள். நான் 'ஒன்றுமில்லை' என்றால் அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டில் உலை ஏறும். அந்த வார்த்தையை நாணயம் சுண்டுவதாக எழுதுகிறாய். நீ செருகின தகட்டால் படம் கெட்டிருக்கும். உன் படத்தைக் கெடுத்துவிட்டு என் கண்ணைக் குறை சொல்கிறாய்.

உன் டைரக்டர் பசவலிங்கையாவுக்கு எழுதியிருக்கிறேன். அவர் டாக்டர், நிஜ டாக்டர். அனுமதியில்லாமல் என்னைச் சோதித்ததையும், என் எண்கள் முழுவதையும் நீக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரியில் குடும்ப வீட்டில் பூதக் கோலம், நம் குல பூதத்துக்கு வேஷம் கட்டி ஆடுகிற விழா. நீ வர வேண்டாம். வந்தால் நான் வரமாட்டேன், காரணத்தை எல்லோரிடமும் நீயே சொல்லிக்கொள்.

வாரிஜா

•

பெங்களூர்
2 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

உன் கடிதம் போய்ச் சேர்ந்தது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல், உன் தாளை மேசையில் தட்டினார்.

"என்னப்பா, அக்கா தம்பி சண்டைய வீட்டுக் கிணத்தடியில வச்சுக்கக் கூடாதா? ஆராய்ச்சிக்குள்ள எதுக்கு இழுத்துட்டு வர்றே?"

"நாலு டாக்டருக்கும் ஒரே சோதனைதான் சார்."

"மத்த மூணு பேர் எனக்கு லெட்டர் எழுதலையே."

"அவங்களுக்கு எழுத ஒண்ணும் இல்ல சார்."

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ ரசிப்பாய். "இதோ பாரு, பிசிக்ஸ்காரங்க மேல எனக்கு மரியாதை உண்டு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் மேலயும் உண்டு. ரெண்டு பேரும் இல்லாட்டி ஆஸ்பத்திரி நின்னுபோகும். ஆனா ரெண்டு பேரும் டாக்டருக்குப் பாடம் எடுக்கக் கூடாது."

மார்ச் முடிவதற்குள் உன் எண்களை ஓசையில்லாமல் நீக்கிவிட்டுக் கட்டுரையை முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறொருவர் முடிப்பார் என்றார். ஆகவே நீ ஜெயித்துவிட்டாய்.

நீக்குவதற்காக நீ மாற்றிச் சொன்ன பதினான்கு படங்களையும் எடுத்து விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டினேன். உன்னைத் திட்டுவதற்கு இன்னும் நல்ல வார்த்தை கிடைக்குமா என்றுதான் பார்த்தேன். கிடைத்தது வேறு.

மார்பகப் படத்தில் இரண்டு விதமான அடையாளங்களைத் தேடுகிறீர்கள். ஒன்று, சுண்ணாம்புப் பொடி தூவினாற்போலப் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகள். மற்றது, ஓரம் தெரியாத மங்கலான நிழல். பொடிப்புள்ளி ஒன்றைக்கூட நீ விடவில்லை. மற்ற மூவரும் விட்ட இரண்டையும் நீ பிடித்திருக்கிறாய். நீ விட்டதெல்லாம் நிழல்கள். பதினான்கில் பதின்மூன்று. ஆகஸ்டில் கண்ட நிழல் நவம்பரில் உனக்கு இல்லை. பழைய தகட்டில் எடுத்த படத்திலும் இல்லை, புதுத் தகட்டில் எடுத்ததிலும் இல்லை. ஆகவே குற்றம் என் தகட்டில் இல்லை.

விவரம் தெரியாத டாக்டர் இரண்டையும் விடுவார். நீ ஒன்றைத்தான் விடுகிறாய். கோளாறு உன் மூளையில் இல்லை அக்கா, கண்ணில். மூளையில் இருந்திருந்தால் எனக்கு இதைவிடத் திருப்தியாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் முதல் பெட்டியின் 61ஆம் எண் படத்தைச் சுத்தமான ஒன்று என்று எங்கள் மூன்று டாக்டர்களும் சொல்ல, நீ மட்டும் இரண்டு தடவையும் நான்கு போட்டிருக்கிறாய். தப்பையாவது மாறாமல் செய்ய உனக்குத் தெரிகிறது.

கண்ணைக் காட்டு. காட்டும் வரை படங்களை வேறு யாரையாவது பார்க்கச் சொல்.

ஜெயகரன்

•

மங்களூர்
9 பிப்ரவரி 1998

ஜெயகரனுக்கு,

கண் டாக்டர் காமத்திடம் போனேன். உன் வார்த்தைக்காக இல்லை, உன் வாயை அடைப்பதற்காக. சுவரில் மாட்டிய பலகையில் கடைசி வரி வரை படித்தேன். அதற்குக் கீழே பலகையை அச்சடித்த கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா மேடம்!" என்றார்.

இனி என் உடம்பில் எந்த உறுப்பைப் பழுது சொல்லப் போகிறாய்? காது மிச்சம் இருக்கிறது.

வாரிஜா

•

பெங்களூர்
16 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. அதைப் படிப்பதற்குக் கண் போதும், நல்ல கண் வேண்டியதில்லை. உன் மேசைக்கு வருகிற படத்தில் யாரும் நோயைக் கறுப்பு மையால் எழுதி அனுப்புவதில்லை. இது டாக்டர் காமத்துக்குத் தெரியும், நீ கேட்டால் சொல்லியிருப்பார். நீ கேட்கப் போகவில்லை, பாராட்டு வாங்கப் போனாய்.

இத்துடன் ஒரு படம். நீ கேலி செய்கிற அதே பிளாஸ்டிக் கட்டியில் நானே செய்தது. உள்ளே வட்டமான சின்னத் தட்டுகளைப் பத்து வரிசையாக வைத்திருக்கிறேன். கீழே போகப் போக நிழல் மங்கும். எந்த வரிசையில் எத்தனை வட்டம், எந்தப் பக்கத்தில் என்பது ஒட்டின உறைக்குள் இருக்கிறது. உன் விளக்குப் பெட்டியில் மாட்டு. தெரிவதை எழுது. அப்புறம் மோனப்பாவைப் பார்க்கச் சொல். அப்புறம் உறையைப் பிரி.

யாரும் பார்க்கப் போவதில்லை. நீ தோற்றால் உனக்கு மட்டும் தெரியும்.

ஜெயகரன்

•

மங்களூர்
8 மார்ச் 1998

ஜெயகரனுக்கு,

உன் படம் பத்து நாள் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. போன திங்கட்கிழமை கடைசி நோயாளி போன பிறகு மாட்டினேன். ஐந்து வரிசை எழுதினேன். ஆறாவது இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிளாஸ்டிக்காரனுக்கு வேறு வேலை இல்லை, அதற்குக் கீழே வெறுமையாக விட்டுவிட்டு என்னை ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். மோனப்பாவைக் கூப்பிட்டேன்.

"எத்தன வரிசை தெரியுது?"

"ஒம்பது, டாக்டரம்மா. பத்தாவதுதான் கொஞ்சம் சந்தேகம்."

"பொய் சொல்லாதீங்க."

"இருட்டு ரூமுக்குள்ள இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன் டாக்டரம்மா. எனக்குத் தெரியறது எனக்குத் தெரியும்." விரலை வைத்துக் காட்டினார். ஏழாவதில் இடப்பக்கம் மூன்று, எட்டாவதில் நடுவில் ஒன்று. நான் வெறும் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறையைப் பிரித்தேன். எல்லாம் சரி.

அவர் போகாமல் நின்றார். "ஒண்ணு சொல்லவா? திட்டமாட்டீங்கன்னா."

"திட்டுவேன். சொல்லுங்க."

"ஏழெட்டு மாசமா நீங்க படத்தச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்குறீங்க. மங்கலாக் கழுவியிருக்கேன்னு என்னத் திட்டுறீங்க. நானும் மருந்த மாத்தி மாத்திப் பாத்தேன். மருந்துல ஒண்ணும் இல்ல."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்குற ஆளா, டாக்டரம்மா?"

மறுநாள் காமத்திடம் போய், பலகை வேண்டாம், சொட்டு விட்டு உள்ளே பாருங்கள் என்றேன். இரண்டு கண்ணிலும் லென்ஸின் பின்பக்கம் மேகம் கட்டியிருக்கிறதாம். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. பளிச்சென்ற விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் மேகம் வெளிச்சத்தை இறைத்துவிடும், மங்கலானதெல்லாம் மறைந்துவிடும். என் வேலையே பளிச்சென்ற விளக்குக்கு முன்னால் உட்காருவது. குடல் தெரிவதற்காக நோயாளிக்கு பேரியம் கரைசல் குடிக்கக் கொடுத்து, எக்ஸ்ரே ஓடும்போதே திரையைப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு, ஈயக் கண்ணாடி போடாவிட்டால் இப்படி வருவது உண்டு என்றார். நீ பம்பாயிலிருந்து வாங்கி வந்த ஈயக் கண்ணாடி பீரோவில் இருக்கிறது. மூக்கில் கனம் என்று போட்டதில்லை. இதை வைத்து நீ ஒரு வரி எழுதினாலும் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழிப்பேன்.

மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து நான் என் நோயாளிகளின் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை.

உனக்கு இது போதும் என்று தோன்றும். எனக்குப் போதவில்லை. உன் 61ஆம் எண்ணுக்கு வருகிறேன்.

அந்தப் படத்தின் நகலை வரவழைத்து மறுபடியும் பார்த்தேன், வெயிலில், ஜன்னலில் ஒட்டி. அதில் நிழலே இல்லை. அதனால்தான் உன் மூன்று டாக்டர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நிழல் தேடக் கற்றவர்கள் நிழலைத் தேடினார்கள். ஆனால் மேல் பக்கத்தில் நரம்பு மாதிரி ஓடும் கோடுகளில் நாலைந்து, போக வேண்டிய பக்கம் போகாமல் ஓரிடத்தைப் பார்த்து இழுபட்டிருக்கின்றன. துணியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சுற்றிலும் சுருங்குமே, அது மாதிரி. அங்கே ஏதோ இழுக்கிறது. இதற்கு என் கண் மேகம் குறுக்கே வராது. இரண்டு தடவையும் நான்கு என்றேன். ஐந்து போட்டிருக்க வேண்டும்.

நீ அதை எப்படித் தப்பு என்றாய்? மூன்று பேர் கை தூக்கினார்கள், ஒருத்தி தூக்கவில்லை, அதனால். தராசு, கல் என்று எனக்குப் பாடம் எடுத்தாயே, உன் கல்லை யார் எடை போட்டது? 'சுத்தமானது' என்று எழுதி வைத்த பெண்களில் ஒருத்தியையாவது ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். உன் ஆராய்ச்சியில் பெண்கள் கிடையாது, எண்கள்தான். மைக்ரோமீட்டர் வைத்துத் தகட்டை அளந்தாய், உண்மையை ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தாய். இதற்கு நான்கு வருஷம், இதற்கு ஒரு டாக்டர் பட்டம்!

அவளைக் கண்டுபிடி.

வாரிஜா

•

பெங்களூர்
6 ஏப்ரல் 1998

அக்காவுக்கு,

கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்த விலாசம் பழையது. சிட்லகட்டாவில் மூன்று தெரு அலைந்தேன். பெயர் முனிவெங்கடம்மா, வயது நாற்பத்தாறு, பட்டு நூல் எடுக்கும் கொட்டகையில் வேலை. கொதிநீரில் கூடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே பேசினார்.

"யாரு நீங்க?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேம்மா."

"டாக்டரா?"

"இல்ல. படம் எடுக்குற மெஷின் ஆளு."

"மெஷின் ரிப்பேர்னா அங்க பண்ணுங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

போன வருஷம் எடுத்த படத்தில் ஒரு சந்தேகம், இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

"ஒண்ணுமில்லன்னு சொல்லித்தானே அனுப்புனீங்க? ஒரு வருஷம் கழிச்சா சந்தேகம் வருது? எந்த மாட்டு வண்டியில வந்துச்சு உங்க சந்தேகம்?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் கல்யாணப் பந்தி வரிசையும் இப்படித்தான் சிரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருஷமாகப் பெண்களுக்குக் கதிரைக் குறைப்பதற்காக உழைக்கிறேன் அக்கா. அப்படி ஒரு பெண்ணோடு நேரில் பேசியது அதுதான் முதல் தடவை. மூன்று தடவை போன பிறகுதான் வந்தார். மூன்றாவது தடவை அவர் தங்கையும் சேர்ந்து என்னைத் திட்டினார்.

நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். அக்குளுக்குப் பரவவில்லை. போன வியாழக்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. சர்ஜன், "இன்னும் ஆறு மாசம் போயிருந்தா வேற கதை" என்றார். மூன்று டாக்டர்களும் இப்போது படத்தைப் பார்த்து, 'ஆமாம், இழுக்கிறதே' என்கிறார்கள். விடை தெரிந்த பிறகு எல்லோருக்கும் தெரிகிறது.

நான் எழுதினது தப்பு. என் கல்லைத்தான் நான் எடை போடவில்லை. உன்னைப் பற்றி எழுதியதில் கண் பற்றியது சரி, மற்றதெல்லாம் வெறும் வன்மம். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே, திருத்தம் என்று எடுத்துக்கொள். திருத்தம்தான் எனக்குப் பழக்கம்.

சுத்தம் என்று எழுதி வைத்த அறுபத்திரண்டு பெண்களையும் தேடப் போகிறேன் என்று டைரக்டரிடம் சொன்னேன். "ஒரு படத்துக்காகவா? கட்டுரை அடுத்த வருஷத்துக்குப் போயிடும். லிஃப்டை ரிப்பேர் பண்ணச் சொன்னா கட்டடத்தையே இடிக்கிறியே" என்றார். இடித்துத்தான் ஆக வேண்டும் என்றேன். ஆராய்ச்சியை என்னிடமிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுக்கட்டும். பட்டியல் என்னிடம் இருக்கிறது, அதை எடுக்க முடியாது. பத்தொன்பது பேரைப் பார்த்தாயிற்று. எல்லோரும் நலம்.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்று. இதை இகழ்ச்சியில்லாமல் எழுத நாலு தாள் கிழித்தேன். உன் கண்ணில் மேகம் இருந்த மாதங்களில் உன் மேசைக்கு வந்த படங்கள் எங்கே?

ஜெயகரன்

•

மங்களூர்
24 மே 1998

ஜெயகரனுக்கு,

நீ கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தாயிற்று. நீ கேட்டுத்தான் எனக்குத் தோன்ற வேண்டும் என்று நினைத்தாயா?

ஆகஸ்டிலிருந்து மார்ச் இரண்டு வரை முந்நூற்று எண்பத்தாறு. மோனப்பாவும் நானும் உறை உறையாக எடுத்து அடுக்கினோம். அவற்றை ஒலிண்டா மஸ்கரேனஸிடம் கொண்டுபோனேன். யாரைப் பற்றி, 'இவளுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்தாலே அதிசயம்' என்று பதினைந்து வருஷம் சொல்லித் திரிந்தேனோ, அதே ஒலிண்டாதான். இந்த ஊரில் மார்பகப் படம் பார்க்கிற இன்னொரு பெண் அவள் ஒருத்தி. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். "வச்சிட்டுப் போங்க. என் கண்ணையும் ஒரு தடவ உங்க தம்பி படத்துல சோதிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன்" என்றாள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது. ஒன்பது வரிசை பார்த்தாள்.

ஒன்பது பேரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாள். எட்டுப் பேர் வந்தார்கள். ஏழு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்கு ஆரம்ப நிலை, சிகிச்சை நடக்கிறது. ஒன்பதாவது உள்ளால் ஊரில் இருக்கிற குலாபி கர்கேரா, மீன் விற்கிறவள். கடிதம் போட்டும் வரவில்லை. போன புதன்கிழமை மோனப்பாவை வண்டி ஓட்டச் சொல்லி நானே போனேன்.

அவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அக்டோபரில் வந்தாள். "இங்க ஏதோ கையில தட்டுப்படுதும்மா" என்று அவளே சொன்னாள். நான் படத்தைப் பார்த்துவிட்டு, "உன் கையில தட்டுப்படுது, என் கண்ணுல தட்டுப்படலையே. உன் கை பெருசா, என் கண்ணு பெருசா?" என்று கேட்டேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

இப்போது கையால் தேட வேண்டியதில்லை. சேலைக்கு மேலேயே தெரிந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க குடுத்த காயிதத்தச் சுவத்துல ஒட்டி வச்சேன் டாக்டரம்மா. வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம் எங்க வீட்டுக்காரர் அதத்தான் காட்டுவாரு, டாக்டரே இல்லன்னு எழுதிட்டாங்க, உனக்கென்னன்னு" என்றாள். சுவரில் என் கையெழுத்து இருந்தது.

அவளுடைய பெண் சுமதி கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நான், தப்பு என்னுடையது, என் கண்ணில் கோளாறு இருந்தது, எனக்குத் தெரியாமல் போயிற்று என்று வழியெல்லாம் தயார் செய்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப இதச் சொல்றதுக்கா வந்தீங்க? நாங்க அழுது, பரவால்லம்மான்னு சொல்லணுமா?"

"இல்லம்மா..."

"வண்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப பேசாம அம்மாவ ஏத்துங்க."

ஏற்றினேன். ஐம்பத்து நான்கு வயதில் என்னை இப்படி ஒருத்தரும் பார்த்ததில்லை. நோயாளிகளை, நர்ஸுகளை, ஒலிண்டாவை, உன்னை நான் பார்த்திருக்கிறேன் இந்த மாதிரி. எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது.

பரவியிருக்கிறது. அக்குளில் ஐந்து கட்டிகள். எலும்பில் இல்லை. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு, பிறகு ஆபரேஷன் என்கிறார்கள். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். உன் ஐந்து கட்டங்களில் நடுக் கட்டம். அந்த எண்ணை நான் கேலி செய்திருக்கக் கூடாது. சில நாள் அதுதான் நிஜம்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன், அடுத்த மாதம் இடது கண். நீ வர வேண்டாம். உன் பட்டியலில் இன்னும் பெண்கள் பாக்கி. அவர்களைப் பார். கண் சரியானாலும் அந்தப் பத்து வரிசைப் படத்தில் ஒன்பது தெரிந்தால்தான் மறுபடியும் உட்காருவேன். சோதிப்பது நீயாக இருக்க வேண்டாம். ஒலிண்டா செய்யட்டும்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு புதுப் பையன், என்னைத் தெரியாதவன். "நோயாளி பேரு? கூட வந்தவங்க யாரு யாரு?" என்று கேட்டுக்கொண்டே எழுதினான். சுமதி, "நான் மக" என்றாள். அவன் பேனாவால் என்னைக் காட்டி, "இவங்க?" என்றான்.

சுமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி குடுத்தவங்க" என்றாள்.

உள்ளேயிருந்து என்னைத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி, "ஐயோ டாக்டர், நீங்களா?" என்று ஓடி வந்தாள். நான் கையைக் காட்டி அவளைப் பேசவேண்டாம் என்றேன். பையன் எழுதிக்கொண்டான். குலாபியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

வாரிஜா